மாமா கொடுத்த சொட்டு மருந்து

அத்தியாயம் 9

இடது பக்கம் நின்றிருந்த சைக்கிள் வீணாவின் கண்ணில் படவே இல்லை. நேராகப் போய் மோதி விழுந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. பெங்களூர் நீலசந்திரா மெயின் ரோட்டில் நாலு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். இது போன வாரம் நடந்தது.

"ரோட்ல கண்ணைத் தொறந்துக்கிட்டு நடக்க மாட்டியா?" என்று மாமியார் காந்தா கேட்டாள்.

கண் திறந்துதான் இருந்தது. வீணாவைப் பயமுறுத்தியதே அதுதான். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா அவள் கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் அளந்தார். "புதன்கிழமை ஒரு டெஸ்ட் எடுக்கணும். கண்ணுக்கு இப்ப என்ன மருந்து போடறீங்களோ, அதையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

இன்று புதன்கிழமை. இன்றைக்கே அவள் நாத்தனார் லாவண்யாவின் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வருகிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கும் என்று வீணா நினைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

இருட்டறையில் ஒரு மெஷின் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, முகவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே பொட்டு பொட்டாக வெளிச்சம் வந்து போகும். வரும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு அமுக்கி அமுக்கி வீணாவின் விரல் வலித்தது. இடது கண்ணுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வருவது நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். மறுபடி வரும் என்று புள்ளியையே பார்த்தபடி இருந்தாள்.

"மெஷின் நின்னு போச்சு பாருங்க" என்றாள் கடைசியில்.

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த பெண் திரையை ஒரு தடவை பார்த்தாள். "இல்லைங்க, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில்.

டாக்டரம்மா கன்னடக்காரர். பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே ஒரு தமிழ் வைத்திருந்தார். டெஸ்ட் முடிவை மேஜையில் விரித்து, கறுப்பாக இருந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"நோடி, பாருங்க வீணா, நான் உங்களை பயம் காட்டல. இடது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் பார்வை இருக்கு. சாவி ஓட்டைல பாக்கற மாதிரி. சுத்தி இருந்ததெல்லாம் போயிடுச்சு. வலது கண்ணுலயும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"மருந்து போட்டா திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். அதுக்கு இன்னிக்கே பிரஷரைக் குறைக்கற சொட்டு ஆரம்பிக்கணும். உங்களுக்கு ஆஸ்துமா, வீசிங் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று வீணா தலையாட்டினாள். கேட்டது காதில் விழுந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா அவள் கொண்டுவந்திருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். பால் போல வெள்ளையாக இருந்தது மருந்து. லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டில் 'வீணா' என்று பேனாவால் அழகாக எழுதியிருந்தது.

"இது என்ன?"

என்னவென்று சொல்வது? மாமனாரின் ஆதிகேசவன் மெடிக்கல்ஸிலிருந்து எந்தச் சொட்டு மருந்தும் தன் சொந்தப் பெயரோடு வெளியே போனதில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு, லேபிளைப் பிளேடால் சுரண்டி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, வாங்குகிறவரின் பெயரை எழுதிக் கொடுப்பார் ஆதிகேசவன். மருந்தின் பெயர் தெரிந்தால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பது அவருடைய வியாபாரக் கணக்கு. வாங்குகிறவர்களுக்கோ அது பெரிய பெருமை. தன் பெயர் போட்ட மருந்து, தன் கண்ணுக்கென்றே பார்த்துக் கொடுத்த மருந்து என்று நம்பினார்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து ஊருக்கெல்லாம் ஒரே சரக்கைக் கொடுக்கிறார் என்று யாரும் யோசித்ததில்லை. அவர் மருமகளே யோசித்ததில்லை.

"எந்த டாக்டர் எழுதினது?"

"டாக்டர் இல்லைங்க. எங்க மாமா குடுத்தாரு. மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு. எனக்குக் கண்ணு அரிக்கும். கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து போடறேன். இதைப் போட்டா அரிப்பு உடனே நின்னுடும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நிக்கும்மா. ஸ்டீராய்ட் ஆச்சே, நிக்காம எங்க போகும்? டாக்டர் பார்த்து ஒரு வாரம், ரெண்டு வாரம் போட்டா இது நல்ல மருந்து. வருஷக்கணக்குல போட்டா சில பேருக்குக் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும். வலிக்காது, சிவக்காது. உள்ள நரம்பு செத்துக்கிட்டே இருக்கும். நடுப்பார்வை கடைசிலதான் போகும், அதனால யாருக்கும் தெரியறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல வேற யாராவது இதைப் போடறாங்களா?" என்று கேட்டார்.

அதுவரை வீணாவுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வியில் அது அப்படியே வற்றிவிட்டது.

"என் பொண்ணு" என்றாள். "யசோதரா. ஒண்ணாங்கிளாஸ் படிக்கறா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அவளுக்கும் அரிப்புதான். மாமாதான் கொடுக்கறாரு."

"இன்னிக்கே கூட்டிக்கிட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் நான் இருக்கேன். அவ போடற பாட்டிலையும் கொண்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் வீணா தன் இடது கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. யசோ நோட்டில் எழுதும்போது தலையைச் சாய்த்துக்கொள்வாளா, மாடிப்படியில் கால் இடறியிருக்கிறாளா, பந்து போட்டால் பிடிப்பாளா என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துப் பார்த்தாள். எதுவும் உறுதியாக ஞாபகம் வரவில்லை. தாய் என்று பெயர், இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டின் முன்பக்கம் இருந்த கடையில் ஆதிகேசவன் ஒரு கிழவரின் படர்தாமரைக்கு டியூப் எடுத்துக்கொண்டிருந்தார். படர்தாமரைக்கும், சேற்றுப்புண்ணுக்கும், முகத்துக் கரும்புள்ளிக்கும் அவரிடம் ஒரே டியூப்தான். கல்யாணப் பெண்களுக்கு அதையே கோல்ட் கிரீமில் குழைத்துச் சின்ன டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். முகம் பளிச்சென்று ஆகும். பெண் பார்க்க வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் சம்மதிப்பார்கள். லாவண்யாவும் இந்த இரண்டு மாதமாக அதைத்தான் பூசுகிறாள். வெயிலில் போனால் கன்னம் தீயாக எரிகிறது என்கிறாள். வெயிலில் போகாதே என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அவர் கெட்டவர் என்று சொன்னால் அந்தத் தெருவே சண்டைக்கு வரும். வாலிப வயதில் பக்கத்து ஆஸ்டின் டவுனில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டர் செத்த பிறகு கடை போட்டார். எந்நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து மருந்து கொடுப்பார். வீணா கல்யாணமாகி வந்த புதிதில் கண் அரித்துச் சிவந்தபோது, 'பயப்படாதம்மா' என்று தானே அவள் தலையை நிமிர்த்திச் சொட்டு போட்டுவிட்டார். அப்பா இல்லாத பெண்ணான வீணாவுக்கு அன்று கண் கலங்கியது மருந்தால் மட்டும் அல்ல.

"இன்னாம்மா, எங்க போயிட்ட? வூட்ல வேலை தலைக்கு மேல கெடக்குது" என்றார் ஆதிகேசவன்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன் மாமா. இடது கண்ணுல பார்வை போயிடுச்சாம். நீங்க கொடுக்கற வெள்ளைச் சொட்டாலன்னு சொல்றாங்க."

கிழவர் டியூபைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"டாக்டரம்மா."

"அவங்களுக்கு இன்னா வயசு?"

வீணா பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டார்.

"அரிப்பு நின்னுச்சா இல்லியா? அதைச் சொல்லு நீ."

"நின்னுச்சு மாமா."

"அப்புறம் இன்னா? உங்கம்மாவுக்கும் கண்ணு சரியில்லதானே. உங்க குடும்பத்துல ஓடற வியாதிக்கு என் மருந்து இன்னா பண்ணும்?"

"அம்மாவுக்கு வயசாகிப் புரை விழுந்துச்சு மாமா. அது வேற." வீணா அவர் முன்னால் போய் நின்றாள். "என் கண்ணை விடுங்க. யசோவை இன்னிக்கே கூட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க. நான் ஸ்கூலுக்குப் போறேன்."

"எம் பேத்திக்கு நான் குடுத்த மருந்தைப் பரீட்சை பண்ணப் போறியா?" ஆதிகேசவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது வீணாவுக்கு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழவரிடம், "காலையில ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி பூசு" என்றார்.

காந்தா உள்ளேயிருந்து வந்து மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு நாளா பாத்தியா இதுக்கு? மாப்ள வூட்டுக்காரங்க உம் மாமனார் பேரைக் கேட்டுத்தான் சம்பந்தம் பேச வந்தாங்க. அவரு குடுத்த மருந்துல மருமவ கண்ணே பூட்ச்சுன்னு கேட்டா நிப்பாங்களா? லாவண்யாவுக்கு இது மூணாவது எடம். தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"நிச்சயம் முடியட்டும். அப்புறம் நானே கூட்டினு போறேன் உன்ன."

"யசோவை?"

"அவளையும்தான். ஒரு வாரத்துல கண்ணு எங்கயும் ஓடிப் போவாது."

சமையலறையில் கேசரிக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. லாவண்யா கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடி முன்னால் போய்ப் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தடவை மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துவிட்டுப் போன வீட்டில் மூன்றாவது தடவைக்குப் புடவை கட்டிக்கொண்டு நிற்பவளுக்கு அண்ணியின் கண் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

வீணாவின் கணவன் பிரகாஷ் வெற்றிலை, பழம், பூவோடு வந்து சேர்ந்தான். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கிறான். கடை கடையாக, கிளினிக் கிளினிக்காகப் போய் ஆர்டர் எடுப்பது அவன் தொழில். வீணா அவனை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது முதல் தடவையாக அழுதாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். கையிலிருந்த பூப்பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தான். "இடது கண்ணா?" என்று கேட்டான்.

"வாங்க, யசோவைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்."

"யசோவுக்கு ஒண்ணும் இருக்காது வீணா. அதை நெனச்சுப் பயப்படாத."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாத்தானே பாக்கறா."

"நானும் நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். போன வாரம் வரைக்கும்."

அவன் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் இன்று தான் இல்லாமல் முடியாது என்றான். வீணா அலமாரியிலிருந்து யசோவின் பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கடை வழியாகப் போகாமல் பின்வாசல் வழியாக வெளியேறி, பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பில் பெண்ணை அழைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனார் பேச்சை அவள் மீறியது இதுதான் முதல் தடவை.

யசோவுக்கு ஆஸ்பத்திரி பிடித்திருந்தது. கண்ணில் புஸ்ஸென்று காற்று ஊதும் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் சிரித்தாள். "இன்னொரு வாட்டி ஊதுங்க ஆன்ட்டி" என்று கேட்டாள். பிறகு டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சோடு குழந்தையின் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். வீணா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். புத்த சங்கத்தில் இருந்த மாமனாரின் அப்பா நினைவாகப் குழந்தைக்குப் புத்தரின் மனைவியான யசோதராவின் பெயரை வைத்திருந்தார்கள். அதனால் புத்தரையும் கூப்பிட்டாள்.

விளக்கு எரிந்தது.

"ஏனும் இல்ல வீணா. பிரஷர் நார்மல். நரம்பு சுத்தமா இருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல."

வீணா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யசோவை மடியில் இழுத்து, தலையில், நெற்றியில், இரண்டு கண்ணிலும் முத்தமிட்டாள். தன் கண்ணில் போனது போகட்டும், இது போதும் என்று அந்த நிமிடத்தில் மனதார நினைத்தாள். காலையிலிருந்து அவள் மூச்சு விட்டதே அப்போதுதான்.

டாக்டரம்மா யசோவின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அந்த மருந்தே இல்லையே. தண்ணியா இருக்கு பாருங்க." பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார். கீழே லேபிள் சுரண்டாமல் அப்படியே இருந்தது. "இது அலர்ஜி சொட்டு. ஸ்டீராய்ட் இல்ல. கொஞ்சம் மெதுவா வேலை செய்யும், ஆனா மாசக்கணக்குல போட்டாலும் பிரஷர் ஏறாது. பரவாயில்ல, உங்க மாமா குழந்தைக்கு சரியாத்தான் கொடுத்திருக்கார்."

வீணா அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள்.

மாமா கொடுத்திருக்க முடியாது. கண் அரிப்பு என்றால் அவர் கடையில் வெள்ளைச் சொட்டைத் தவிர வேறு கிடையாது. லேபிளைச் சுரண்டாமல் அவர் எதையும் கொடுத்ததும் இல்லை. யசோவின் மருந்து தண்ணீராக மாறியது போன வருஷத் தீபாவளிச் சமயத்தில். வீணாவே கவனித்துக் கேட்டிருக்கிறாள். "கொழந்தைங்களுக்கு லேசாக் கொடுக்கறாராம் அப்பா" என்று பிரகாஷ் சொன்னான். அவளும் நம்பினாள். கடையிலிருந்து யசோவின் மருந்தை எடுத்து வருவது எப்போதும் பிரகாஷ்தான்.

யசோவுக்கு ஒண்ணும் இருக்காது என்று அவன் இன்று சொன்னது ஆறுதல் இல்லை. அவனுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் பிரகாஷ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், வீட்டு மருமகள் எங்கே என்று கேட்கிறார்கள், அம்மா அனுப்பினாள் என்றான். யசோவை ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏற்றி நிறுத்தினான். "ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டான்.

"யசோ மருந்தை நீங்கதானே மாத்தினீங்க?"

பிரகாஷ் சாவியை ஸ்கூட்டரிலிருந்து எடுத்தான்.

"கோரமங்களால ஒரு கண் டாக்டர்கிட்ட ஆர்டர் எடுக்கப் போயிருந்தேன். அங்க ஒரு பையனைக் காட்டினாரு. பத்து வயசு இருக்கும். ரெண்டு கண்ணும் தெரியல. இந்த மாதிரிக் கடையில குடுத்த சொட்டுதான்னு என்னைப் புடிச்சுத் திட்டினாரு. அன்னிக்கே யசோவுக்கு வேற வாங்கி, அப்பா எழுதின பிளாஸ்திரியை எடுத்து அதுல ஒட்டிட்டேன். அப்புறம் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அப்படித்தான்." அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெண்ணைக் காப்பாற்றிய தகப்பனின் பெருமைகூட லேசாக இருந்தது.

"எனக்கு?"

ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் அது போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் மாத்தணும்னுதான் இருந்தேன். அரிப்பு நிக்கலைன்னா நீ நேரா அப்பாகிட்டப் போய்க் கேப்ப. அவருக்குத் தெரிஞ்சு போயிடும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இதைப் போடாதடின்னு ஒரு வார்த்தை."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? தெருவுல யாருக்குமே கொடுக்கக் கூடாதுன்னு நிப்ப. அப்பாவுக்கு அந்தக் கடைதான் எல்லாம் வீணா. ஒடைஞ்சு போயிடுவாரு. லாவண்யா கல்யாணம் முடியட்டும், பக்குவமாச் சொல்லலாம்னு…"

"அது வரைக்கும் என் கண்ணு தாங்கும்னு நெனச்சீங்க."

"எல்லாருக்கும் வராதுன்னு அந்த டாக்டரே சொன்னாரு. சில பேருக்குத்தான் வருமாம். உனக்கு வரும்னு நான் எப்படி…" அவன் முடிக்கவில்லை.

வீணாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மாமனார் தெரியாமல் செய்தார். அவருக்கு ஒரு மன்னிப்பு உண்டு. இவன் தெரிந்துகொண்டே ஒவ்வொரு காலையும் பக்கத்தில் படுத்து, அவள் பாட்டிலைக் குலுக்கிக் கண்ணில் விட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு தடவை, கை நடுங்குகிறது என்று அவள் சொன்னபோது அவனே பாட்டிலை வாங்கி அவள் கண்ணில் விட்டிருக்கிறான்.

"ஏறு" என்றான். யசோ ஸ்கூட்டரில் நின்றிருந்ததால் மட்டும் ஏறினாள்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஞானசேகரன் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வரும் வழியெல்லாம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள், புழுதி தாங்கவில்லை, கார்த்திகை பிறந்தாலே தனக்குக் கண் இப்படித்தான் என்றாள்.

"சம்பந்தியம்மா இந்த வூட்டுக்கு வந்து கண்ணு அரிக்குதுன்னு சொல்லலாமா?" என்று ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே எழுந்து கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பாட்டில் இருந்தது. லேபிள் சுரண்டியாகிவிட்டது. பிளாஸ்திரியில் 'சம்பந்தி அம்மா' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. உறவு உறுதியானதற்கு இதைவிட வேறு தாம்பூலம் வேண்டுமா?

"நல்லாக் குலுக்கி, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தீர்ந்தா சொல்லியனுப்புங்க."

வீணா வாசற்படியில் நின்றபடி பிரகாஷைப் பார்த்தாள். அவன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையில் நடந்ததற்கும், போன வருஷத் தீபாவளியிலிருந்து நடந்ததற்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தையை ஏற்றுக்கொண்டிருப்பாள். பிரகாஷ் கேசரித் தட்டை எடுத்து ஞானசேகரன் முன்னால் வைத்தான்.

"அதைப் போடாதீங்கம்மா" என்றாள் வீணா. "எனக்கு ஒரு கண்ணு போனது அதாலதான். இப்ப ஆஸ்பத்திரியிலேருந்துதான் வரேன்."

காந்தாவின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. சம்பந்தியம்மா வீணாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரகாஷைப் பார்த்தாள். "இன்னாப்பா சொல்லுது உன் சம்சாரம்?"

"ஒண்ணும் இல்லைங்க. அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே கண்ணு கொஞ்சம் வீக்கு. இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னவோ சொல்லிட்டாங்க. பயந்து போயிருக்கா."

அவன் அதை நிதானமாகத்தான் சொன்னான். காந்தா பெருமூச்சு விட்டு டம்ளரைத் தட்டில் வைத்தாள். லாவண்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆதிகேசவனுக்கும் முகம் தெளிந்தது. "கொழந்த, நீ இங்க வா" என்று பேத்தியைக் கைநீட்டிக் கூப்பிட்டார். யசோவின் முகவாயைப் பிடித்துச் சம்பந்தியம்மா பக்கம் திருப்பினார். "எம் பேத்திக்கே இதைத்தான் போடறேன். ரெண்டு வருஷமா. பாருங்க, கண்ணு எப்படிப் பளிங்கு மாதிரி இருக்குதுன்னு. ஆகாத மருந்தா இருந்தா எம் புள்ளை கண்ணுல போடுவேனா?"

வீணா உள்ளே வந்தாள். அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"அவளுக்குப் போடறது இது இல்ல மாமா. உங்க பிள்ளை போன வருஷத் தீபாவளிக்கே மாத்திட்டாரு. உங்களுக்குத் தெரியாம, நீங்க எழுதின பேரை எடுத்து வேற பாட்டில்ல ஒட்டிட்டாரு. அதனாலதான் அவ கண்ணு நல்லா இருக்கு. எனக்கு மட்டும் மாத்தல."

சம்பந்தியம்மா கையிலிருந்த பாட்டிலை மெதுவாகத் தாம்பாளத்தில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஞானசேகரன் பஞ்சாங்கத்தை மூடினார். ஆதிகேசவன் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. மகனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டியாடா?"

பிரகாஷின் தலை தொங்கியிருந்தது. மருமகள் சொன்னபோது நம்பாததை, டாக்டரம்மா சொன்னதாகக் கேட்டபோது நம்பாததை, அந்தத் தொங்கிய தலையைப் பார்த்துத்தான் ஆதிகேசவன் நம்பினார்.

யசோவின் முகவாயிலிருந்து கையை எடுத்தார். கூடத்தில் அத்தனை பேர் இருப்பதே மறந்தவராக எழுந்து மருமகளிடம் வந்தார். பழைய கம்பவுண்டர் அல்லவா? அவள் இடது தோள் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, விரல்களை விரித்துக் கையை உயர்த்தினார்.

"தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

வீணா தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்தபடியே நின்றாள்.

"எது மாமா?" என்றாள்.